அயனாவரத்து மாடியில் பதினொரு கிட்டார்

மாடிப்படி ஏறி வாசலில் நின்றதுமே வீட்டுக்காரர் என் கையில் ஒரு துண்டைக் கொடுத்தார். “கையைக் கழுவி நல்லா துடைச்சிட்டு உள்ள வாங்க தம்பி. வேர்வையில இருக்கிற உப்பு கம்பியைத் தின்னுடும்.” புரட்டாசிக் கடைசி ஞாயிறு. மழை வராமல் புழுங்கிக்கொண்டிருந்த மதியம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுவித் துடைத்துவிட்டு உள்ளே போனேன். தோளில் தூக்கி வந்த கிட்டார் உறையைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னார். “அதைக் கடைசியா பார்ப்போம். முதல்ல இதுங்களைப் பாருங்க.”

அந்த உறைக்குள் இருந்தது என் அண்ணனுடைய கிட்டார். அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அது பரணில் கிடந்தது. போன மாதம் வெள்ளையடிக்க இறக்கியபோது, கம்பிகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் மேல்பலகையை விட்டுப் பெயர்ந்து எழும்பியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு அஞ்சலட்டையை நுழைக்கலாம். இரண்டு கடைகளில் காட்டினேன். சரிசெய்யும் காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நண்பர்தான் இந்த வீட்டுக்கு வழி சொன்னார்.

வீட்டுக்காரருக்கு 71 வயது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், சென்னைக்காரர்கள் வாயில் ஐ.சி.எஃப்., ஃபிட்டராக வேலை பார்த்தவர். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை அது. 1973-இல் அப்ரண்டிஸாக உள்ளே போய் 2014-இல் ஓய்வு பெற்றார். காசுக்காக ஒரு நாளும் கிட்டார் வாசித்ததில்லை. ஐம்பது வருடமாக, ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வாசித்தவர்.

அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். சுவரில் ஒரு கிட்டார்கூட மாட்டியிருக்கவில்லை. வெயில் படும் சுவரில் மாட்டினால் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஊறும் என்றார். ஒன்றைத் தவிர எல்லாம் உறைக்குள், உறைகள் இரண்டு மர பீரோக்களுக்குள். கதவைத் திறந்ததும் மெழுகும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை. உள்ளே ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி 58 என்றது. மொட்டை மாடியில் இருந்த இன்னொன்று 81 காட்டியது. கிட்டாருக்கு உகந்தது 45-க்கும் 55-க்கும் இடையில். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் அதற்கு மேல் இருக்கும் ஈரத்தை மரம் குடித்து உப்பும், கம்பி துருப்பிடிக்கும்.

அந்த 81-ஐ 58-க்கு இறக்குவது துணிப்பையில் கட்டிய சிலிகா ஜெல். ஈரம் ஏறினால் நீல மணிகள் வெளிர்சிவப்பாகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதற்கென்றே ஒதுக்கிய பழைய தோசைக்கல்லில் போட்டு, திரும்ப நீலமாகும்வரை வறுத்து எடுக்கிறார்கள். அந்த வேலை அவர் மனைவியுடையது. “நாப்பது வருஷமா இதுங்களுக்கும் சேர்த்துதான் சமைக்கிறேன்” என்று காபியைக் கொடுத்துக்கொண்டே அம்மா சொன்னார். அந்த அம்மாவின் கை இல்லாவிட்டால் இந்தப் பீரோக்களில் பாதி விறகாகியிருக்கும் என்று இவரும் ஒப்புக்கொள்கிறார்.

முதலில் வெளியே வந்தது 1974-இல் வாங்கிய பிளைவுட் கிட்டார். கல்கத்தாவில் செய்தது. அந்தக் காலத்தில் நம் ஊர் இளைஞன் கைக்கு எட்டிய கிட்டார்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வந்தன. லால்பஜார், சித்பூர் பக்கத்து இசைக்கருவிக் கடைகள் அன்றைக்கே பேர் போனவை. தலையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ உரிந்துவிட்டது. வாங்கிய அன்றே இவருக்கு ஒரு குறை தெரிந்தது. திறந்த கம்பியில் சுருதி சரியாக இருக்கும்; மேலே போகப் போகக் கூடிவிடும். பாட்டு தெரியாத புதிதில், தன் விரல்தான் சரியில்லை என்று ஆறு மாதம் நினைத்திருக்கிறார்.

பிறகு ஃபிட்டர் புத்தி வேலை செய்தது. எஃகு ஸ்கேலை எடுத்து அளந்தார். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளில், அதாவது ஃபிரெட்டுகளில், பன்னிரண்டாவது, தலைப்பக்கத்து நட்டுக்கும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடத்துக்கும் சரிபாதியில் வர வேண்டும். அங்கேதான் ஸ்வரம் ஒரு ஸ்தாயி ஏறும். விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டுக் கொஞ்சம் கூடும் என்பதால், பிரிட்ஜ் அந்தப் பாதிக் கணக்கைவிடச் சற்றுத் தள்ளியே இருக்க வேண்டும். இதில் நாலு மில்லிமீட்டர் முன்னால் ஒட்டியிருந்தார்கள். பிரிட்ஜைக் கழற்றி அளந்து பின்னால் ஒட்டினார். “அன்னிக்கு ராத்திரி மேல ஒரு கார்டு போட்டேன் பாருங்க, அப்படியே கோயில் மணி மாதிரி நின்னுச்சு.” அதைச் சொல்லும்போது ஐம்பது வருடத்துக்கு முந்தைய சந்தோஷம் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்காக அதே கார்டை அதே இடத்தில் போட்டுக் காட்டினார். பிளைவுட்தான். ஆழமில்லாத, கொஞ்சம் அடைத்த குரல். சுருதி மட்டும் பிசகவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பழைய பிளைவுட் கிட்டார்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுவது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கே கிட்டார் என்றால் அதுதான். 1980-இல் ‘மூடுபனி’, 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ என்று இளையராஜாவின் கிட்டார் ஊரெங்கும் ஒலித்தபோது (அவரே ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசித்து வந்தவர்), ‘இளைய நிலா’வின் முன்னிசையை ஹாஸ்டல் அறையில் தட்டுத்தடுமாறி வாசித்துப் பார்த்த பையன்கள் கையில் இருந்தது எது? என் அண்ணன் கையில் இருந்தது எது? அந்த மலிவான பலகைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இரண்டாவது உறையை அவர் திறந்த விதமே வேறாக இருந்தது. மடியில் வைத்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக நீக்கினார். வயலின்போல இரண்டு பக்கமும் வளைந்த துளை வெட்டிய, மேல்பலகை கூனிய ஆர்ச்டாப் கிட்டார். யார் செய்ததென்று உள்ளே ஒரு சீட்டும் இல்லை. ஓரத்து வார்னிஷ், வாசித்தவர் முழங்கை பட்டுப் பட்டு மரம் தெரியத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்மானம் இவருடையதன்று. இவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த ஃபோர்மேனுடையது.

அவர் பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியர். அந்த வட்டாரத்து ரயில்வே குடும்பங்களில் கிட்டாரோ பியானோவோ இல்லாத வீடு அன்றைக்கு அபூர்வம். ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன நிகழ்ச்சிகளில் இந்த ஆர்ச்டாப்பை வாசித்திருக்கிறார். சாப்பாட்டு இடைவேளையில், வெட்டிவைத்த எஃகுத் தகட்டில் சாக்பீஸால் ஆறு கோடு இழுத்து, விரல் வைக்கும் இடங்களில் புள்ளி போட்டு அப்ரண்டிஸுக்குக் கார்டு கற்றுக்கொடுப்பாராம். சைரன் ஊதியதும் கையால் அழித்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். “என் நோட்டுப் புத்தகம் எல்லாம் ரயில் பெட்டியா ஓடிப்போச்சு தம்பி” என்றார்.

1979-இல் ஃபோர்மேன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். அந்தப் பத்தாண்டுகளில் பெரம்பூரிலிருந்து பெர்த்துக்கும் மெல்போர்னுக்கும் போன வீடுகள் பல. பெட்டி படுக்கையோடு கிட்டாருக்கு இடமில்லை. கிளம்பும் முதல் நாள் இரவு இவர் வீட்டுக்கு வந்து, “வெச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்” என்று கொடுத்துவிட்டுப் போனார். வரவில்லை. புத்தாண்டு வாழ்த்து அட்டை மட்டும் 1991 வரை வந்துகொண்டிருந்தது. உறையின் உள்பையில் அந்த அட்டைகள் பன்னிரண்டும் இருக்கின்றன. ஞாயிறுதோறும் சாயங்காலம் இந்தக் கிட்டாரைத்தான் முதலில் எடுக்கிறார். நல்ல விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்களாம். “அவர் பொருளை நான் எப்படி விக்கிறது?” என்றார்.

மூன்றாவது, மடியில் கிடத்தி இரும்புக் கட்டையால் தேய்த்து வாசிக்கும் ஹவாயன் கிட்டார். 1983-இல் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985-இல் அந்தச் சிவப்புக் கட்டடம் எரிந்து போவதற்கு முன், பழைய புத்தகத்துக்கும் கிராமபோனுக்கும் நடுவே இப்படிப்பட்ட கருவிகளும் குவிந்து கிடக்கும். ஹவாய்த் தீவிலிருந்து வந்து 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்த டாவ் மோ போன்றவர்களால் அந்த ஊரில் இந்த வாத்தியம் வேர்விட்டது. பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதில் ராகம் வாசித்தார். விஸ்வ மோகன் பட் அதன் வழியில் மோகன வீணையை உருவாக்கி 1994-இல் கிராமி வாங்கினார். இதெல்லாம் இவர் வாயிலிருந்து வந்த வரலாறு. வாசிப்பது மட்டும் இவருக்கு இதில் அவ்வளவாக வரவில்லை; இரண்டு நிமிடத்தில் உறைக்குள் வைத்துவிட்டார்.

பன்னிரண்டு கம்பிக் கிட்டார் ஒன்றும் பேஸ் கிட்டார் ஒன்றும் இருந்தன. நண்பர்கள் விட்டுப்போனவை. நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டார் ஒன்று, 1990-களில் மகன் லண்டன் டிரினிட்டி தேர்வுக்குப் படித்தபோது வாங்கியது. நைலான் கம்பியே இரண்டாம் உலகப் போர் தந்தது என்று அதை வைத்துக்கொண்டு சொன்னார். அதுவரை ஆட்டுக் குடலில் திரித்த கம்பி. போரில் அந்தக் குடலெல்லாம் அறுவைசிகிச்சைத் தையலுக்குப் போய்விட, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலான் இழையை எடுத்துப் பார்க்க, ஸ்பெயினின் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகப் பிடித்தது அடுத்து வந்தது. இவரே செய்த எலெக்ட்ரிக் கிட்டார். தூக்கியதும் கை இறங்கியது, அவ்வளவு கனம். மஞ்சளில் தேன் கலந்த நிறம். என்ன மரம் என்று கேட்டேன். “பலா. வீணைக்குப் பலாதானே போடறாங்க? கிட்டாருக்கு மட்டும் ஏன் ஆகாது?” தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் குடைவது, மரத்தைத் தேர்வதிலேயே பாதி வித்தை. வீடு இடித்த இடத்தில் கிடைத்த பழைய பலகை ஒன்றை 1986-இல் வாங்கி, அரம் போட்டு அரம் போட்டு எட்டு மாதத்தில் உடலைச் செதுக்கியிருக்கிறார்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பையும் அவரே சுற்றினார். கம்பிக்கு அடியில் ஆறு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய எனாமல் செப்புக் கம்பி. தையல் மிஷினில் பாபின் சுற்றும் சக்கரத்தில் காந்தக்கட்டையை மாட்டி, மனைவி மிதிக்க, இவர் விரலிடுக்கில் கம்பியை விட்டுக்கொண்டே ஏழாயிரத்துச் சொச்சம் சுற்று. மூன்று முறை அறுந்தது. நாலாவது முறை முடிந்தது. அதைக் குட்டி ஆம்பில் சொருகி ஒரு மோகன ராகத்து ஆரோகணம் வாசித்தார். பலாவின் கனத்தாலோ என்னவோ, கடைசி ஸ்வரம் நான் மூச்சு விட்டு முடிக்கும்வரை நின்றது.

ராகம் என்றதும் இன்னொன்று வெளியே வந்தது. ஃபிரெட்டுகளுக்கு இடையே மரம் கிண்ணிபோலக் குழிந்திருந்த கிட்டார். ‘சக்தி’ குழுவில் எல். சங்கர், விக்கு விநாயக்ராம், ஜாகிர் உசேனோடு வாசித்த ஜான் மெக்லாலின் வைத்திருந்த மாதிரி. மெக்லாலின் அமெரிக்காவில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் வாங்குகிறோம். சாதாரணக் கிட்டாரில் விரல் நுனி மரத்தில் முட்டிக்கொள்ளும். மரத்தைக் குழித்துவிட்டால் விரலுக்கும் கம்பிக்கும் நடுவே வேறெதுவும் இல்லை. இவர் வட்ட அரத்தால் குழித்தார். “ஒரு இழுப்பு கூடப் போட்டா கழுத்து போச்சு. மூச்சைப் பிடிச்சிக்கிட்டுதான் ஒவ்வொரு இழுப்பும்.” என் விரலைப் பிடித்து ஏழாவது குழியில் வைத்து, கம்பியை மேலே தள்ளச் சொன்னார். தள்ளினேன். காந்தாரம் ஒரு தடவை அசைந்து வந்தது. ஐந்து வயதில் அத்தை வீட்டு வீணையைத் தொட்ட ஞாபகம் வந்துவிட்டது.

தொகுப்பிலேயே விலை உயர்ந்தது அமெரிக்காவில் செய்த ஒன்று. மகன் கொண்டுவந்தது. அதைக் கையில் கொடுத்துவிட்டு, என்னை அடுத்த அறைக்கு அழைத்துப்போய்ப் பழைய கட்டிலின் காலைத் தட்டிக் காட்டினார். திரும்பி வந்து கிட்டாரின் முதுகைத் தட்டினார். இரண்டும் ஒரே மரம். ஈட்டி, ஆங்கிலத்தில் ரோஸ்வுட். கட்டில் மாமனார் வீட்டுச் சீதனம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி உலகத்தின் மிகச் சிறந்த கிட்டார்களில் முதுகாகவும் விலாவாகவும் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1833-இல் தொடங்கிய மார்ட்டின் கிட்டார் நிறுவனம் ஒரு காலத்தில் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் பயன்படுத்தியது. மரத்தை அறுக்காமல் அனுப்ப பிரேசில் தடை போட்டதும், 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அன்றிலிருந்து அதுதான் வழக்கமான மரம். இங்கே அந்த மரம் குறைந்துகொண்டே வர, 1994-இல் ஈட்டியைக் காக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. 2017 ஜனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. எங்கே பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து மகன் கிட்டாரை அங்கேயே வைத்திருந்தார். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்த பிறகு, 2020 பொங்கலுக்கு வந்தபோதுதான் கொண்டுவந்தார். மேல்பலகை வெள்ளை ஸ்புரூஸ். ஒரு தட்டு தட்டினால் அறை முழுக்கக் கேட்கிறது. நம் மலையிலிருந்து கடல் தாண்டிப் போன மரம் இப்படிப் பேசக் கற்றுக்கொண்டு திரும்பியிருக்கிறது.

பேத்திக்கு வாங்கிய யமஹா பத்தாவது. அது இங்கேயே, சென்னைக்குப் பக்கத்தில் 2019-இலிருந்து இயங்கும் தொழிற்சாலையில் செய்தது. கல்கத்தா சரக்குக்காகக் காத்திருந்தவருக்கு அதில் தனிப் பெருமை.

பதினோராவதை உறையில் வைத்திருக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அப்போது கீழே இருந்த இந்தக் கிட்டாரின் முதுகும் விலாவும் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டன. மேல்பலகை மட்டும் தப்பியது. அதைத் திருப்பி வைத்து உட்புறத்தைக் காட்டினார். மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பலகை. குறுக்கே எக்ஸ் வடிவத்தில் சட்டங்கள். ஆறு இரும்புக் கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது சுமார் 70 கிலோ இழுப்பு இந்தப் பலகையின் மேல். ஒரு பெரிய ஆள் நாள் முழுக்க ஏறி நிற்கிற மாதிரி. சட்டம் அதிகமானால் பலகை அதிராது, குறைந்தால் பிய்ந்துவிடும். 1862-இல் ஸ்பெயினின் அந்தோனியோ டி டோரஸ் நல்ல மேல்பலகை போட்டு, முதுகையும் விலாவையும் அட்டையிலேயே செய்து ஒரு கிட்டார் கட்டினார். ஒலி பிறப்பது மேல்பலகையில்தான் என்று நிரூபிக்க. அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. “அதனாலதான் இதைத் தூக்கிப் போடல. பசங்க வந்தா இதைத்தான் முதல்ல காட்டுவேன்.”

மணி ஐந்தரை. இப்போது என் உறையை எடுத்தார்.

எதுவும் பேசாமல் முதலில் ஆறு கம்பிகளையும் தளர்த்தினார். டார்ச்சை ஒலித்துளைக்குள் விட்டு, சின்னக் கண்ணாடியை வைத்துச் சட்டங்களைப் பார்த்தார். ஒவ்வொரு சட்டமாக விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “சட்டம் ஒண்ணும் விடல. பரண்ல சூடு ஏறி பசை இளகியிருக்கு. கம்பியை இறுக்கின மேனிக்கே மேல போட்டிருக்கீங்க. அது இழுத்துக்கிட்டே இருந்திருக்கு.” நான் செய்த தப்பு அதுதான். ஆறு வருடம், அந்த இழுப்போடு அதை அங்கே விட்டிருந்தேன்.

கரண்டிபோன்ற மெல்லிய தகட்டைச் சூடாக்கி, இடுக்கில் விட்டு, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். கால் மணி நேரத்தில் பிரிட்ஜ் முழுதாகக் கையோடு வந்தது. அடியில் பழைய பசை பழுப்பாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணத்தை வைத்து வஜ்ஜிரம் காய்ச்சினார். தச்சர்கள் காலம் காலமாகப் பயன்படுத்தும் தோல் பசை. நாளைக்கு இன்னொருவர் பிரிக்க வேண்டி வந்தாலும் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்பதற்காகவே அதைத் தேர்ந்திருக்கிறார். தடவி, அளந்து வைத்து, ஒலித்துளை வழியாக கிளாம்ப் விட்டு முடுக்கினார். ஓரத்தில் பிதுங்கிய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு போய் வாங்கிவந்தேன். காசு வாங்கவில்லை, கம்பி செட்டுக்கு மட்டும் கொடுத்தேன். அண்ணனின் கிட்டார் இப்போது என் அறையில், உறைக்குள் இருக்கிறது. நன்றாகவே ஒலிக்கிறது. கார்டு மூன்று கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கிட்டார் இருக்கலாம். இன்றைக்கே இறக்குங்கள். கம்பியை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படாத அறைக்குள் வையுங்கள். பிரிட்ஜ் எழும்பியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மரவேலை தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வாசிக்க வீட்டில் ஆளில்லை என்றால், தெருவில் கற்றுக்கொள்ளத் தவிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்.